எடப்பாடிக் காவடியும் காலுக்கு வேண்டிய தரையும்

பழனியில் தைப்பூசத் தேர் ஓடிக் கொடி இறங்கி, மதுரைப் பக்கத்துப் பாதயாத்திரைக் கூட்டமும் செட்டிநாட்டுக் காவடிகளும் கலைந்த பிறகு, வடக்கிலிருந்து இன்னொரு கூட்டம் வந்து சேரும். சேலம் மாவட்டத்தின் மேற்கோரம், காவிரிக்கு அருகில் இருக்கும் எடப்பாடியிலிருந்து வருகிற பருவதராஜகுலத்தாரின் காவடிக் கூட்டம் அது. ஆணும் பெண்ணும் பிள்ளைகளுமாக ஆயிரக்கணக்கில் வருவார்கள். 350 ஆண்டுகளுக்கு மேலாக இப்படி நடந்து வருவதாக அவர்களுடைய மரபு சொல்கிறது. இராக்காலப் பூசை முடிந்து நடை சாத்தியபின் மலைமேல் பக்தர் யாரும் தங்கக் கூடாது என்பது பழனிக் கோயிலின் வழக்கம். ஆண்டுக்கு ஓர் இரவு, எடப்பாடிக்காரர்களுக்காக மட்டும் அந்த வழக்கம் தளர்கிறது. அந்த இரவு அவர்கள் மலையிலேயே இருப்பார்கள். பிரகாரமெங்கும் கோலமிட்டுப் பூ அலங்காரம் செய்வார்கள்.

பஞ்சாமிர்தத்தையும் அவர்களே தயாரித்துக்கொள்வார்கள். இதற்கென்று ஒரு குழு முன்கூட்டியே பழனிக்குப் போய்விடும். வாழைப்பழத்தை உரித்துக் கொட்டிப் பிசைந்து, நாட்டுச்சர்க்கரை, பேரீச்சம்பழம், கற்கண்டு, தேன், நெய், ஏலக்காய் சேர்த்து டன் கணக்கில் செய்வார்கள். 10 டன்னுக்கு மேல் என்று நாளிதழ்கள் ஆண்டுதோறும் எழுதுகின்றன. ஊர் திரும்பியதும் வீடு வீடாகப் பங்கு பிரியும். பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2019-இல். கோயில் செய்வதும் இவர்கள் செய்வதும் ஒரே மரபின் இரண்டு கிளைகள். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது, ஊர் கூடி இத்தனை டன் இனிப்பைச் செய்து, சுமந்து, பங்கிடத் தெரிந்த ஒரு நிர்வாகம் எந்த அலுவலகமும் இல்லாமல் பல தலைமுறையாக ஓடிக்கொண்டிருக்கிறது என்பதுதான்.

ஒரு யாத்திரை வழி நிலைக்க இரண்டு வேண்டும். நடப்பவர்களைச் சேர்த்துக் கட்டும் ஏற்பாடு ஒன்று. அவர்கள் காலுக்குத் தரை இன்னொன்று. சேலம், நாமக்கல் சமவெளியிலிருந்து பழனிக்குப் போகும் வழிகளில் முதலாவது வலுவாக இருக்கிறது. இரண்டாவது நம் கண்ணெதிரே போய்க்கொண்டிருக்கிறது. உலகம் முழுவதும் பேசப்படும் ஸ்பெயின், போர்ச்சுகல் யாத்திரை வழிகளில் நிலைமை நேர்மாறானது. அங்கே ஏற்பாடு சிதைந்து, தரை மிஞ்சியது. மிஞ்சிய தரையை வைத்து வழியை உயிர்ப்பித்தார்கள். அதனால்தான் இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் வழியைப் பார்ப்போம். எடப்பாடியிலிருந்து பழனி ஏறத்தாழ 150 கிலோமீட்டர். சங்ககிரி வழியாகக் காவிரிக்கு இறங்கி அக்கரை சேர்ந்தால் ஈரோட்டுச் சீமை. ஆற்றையொட்டித் தெற்கே கொடுமுடி. அதற்கும் தெற்கே நொய்யல். பிறகு வெள்ளகோவில், மூலனூர்ப் பக்கத்து மேய்ச்சல் காடுகள். தாராபுரத்தில் அமராவதி. கடைசியில் சண்முகநதியில் குளித்து, ஈரத்துணியோடு மலையைப் பார்த்து நடை. நாமக்கல், பரமத்திவேலூர்ப் பக்கத்தார் வேலூரில் ஆற்றைக் கடந்து கரூர் வழியாகப் போவதும் உண்டு. எந்த ஊர்க் குழு எந்த வழியில் போகிறது, எங்கே தங்குகிறது என்பது அந்தந்தக் குழுவின் பழக்கம். ஆனால் சேலம், நாமக்கல் சமவெளியிலிருந்து வருகிற யாரும் காவிரியைக் கடக்காமல் பழனி சேர முடியாது.

பருவதராஜகுலத்தார் நன்னீர் மீன்பிடிப்பையும் பரிசல், படகையும் தொழிலாகக் கொண்டு வந்தவர்கள். செம்படவர் என்றும் இவர்களைச் சொல்வதுண்டு. எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய தொகுதிகளில் இவர்களை ஆறு, ஏரி, குளங்களின் மீனவர் என்றே குறிக்கிறார். மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலின் பரம்பரை அறங்காவலரும் இச்சமூகத்தாரே. எடப்பாடிக்கு அருகே பூலாம்பட்டியில் காவிரியின் குறுக்கே அக்கரை நெரிஞ்சிப்பேட்டைக்கு இன்றும் படகு போகிறது. தண்ணீரில் பிழைத்தவர்கள் ஆண்டுக்கொரு முறை தண்ணீரை விட்டுக் கரையேறி, நான்கு ஆறுகளைத் தாண்டி ஒரு மலைக்கு நடக்கிறார்கள். இதற்கு யாரும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஆற்றுக்காரனுக்கு ஆற்றின் அக்கரை எப்போதும் கண்ணில் பட்டுக்கொண்டேயிருக்கும்.

காலம் எப்படிப் பொருந்துகிறது என்பதும் கவனிக்க வேண்டியது. மேட்டூர் அணை 1934-இல் முடிந்தது. அதன் கிழக்குக்கரை, மேற்குக்கரைக் கால்வாய்களுக்கு ஆகஸ்ட் 1-இல் தண்ணீர் திறந்து டிசம்பர் 15-இல் அடைப்பது நடைமுறை. 137 நாள் பாசனம். சேலம், நாமக்கல், ஈரோடு மாவட்டங்களில் 45,000 ஏக்கர் இதை நம்பியிருக்கிறது. கால்வாய் அடைத்துக் கதிர் அறுத்து முடிக்கத் தை பிறந்துவிடும். கையில் கொஞ்சம் காசும் களத்தில் கொஞ்சம் நெல்லும் இருக்கும். எடப்பாடி, குமாரபாளையம், பள்ளிபாளையம் பகுதிகளில் உழவைவிடத் தறிதான் இன்று பெரிய தொழில். விசைத்தறிக்கும் பொங்கலை ஒட்டி ஓய்வு உண்டு. உழவர் நாள்காட்டிக்காக அமைந்த யாத்திரை தறிக்காரருக்கும் பொருந்தியது இப்படித்தான். மாலை போட்டு விரதம் இருப்பதும் ஊரில் காவடி கட்டுவதும் இந்த ஓய்வோடு ஒட்டி வந்துவிடுகின்றன.

கொங்குப் பக்கத்துக்குப் பங்குனி உத்திரம் இன்னொரு நடைகாலம். அப்போது கொடுமுடியில் காவிரி நீரைக் கலயங்களில் மொண்டு, தீர்த்தக் காவடியாகப் பழனிக்குக் கொண்டு போவார்கள். வெயில் ஏறும் மாதம். தண்டாயுதபாணியைக் காவிரித் தண்ணீரால் குளிரவைக்க வேண்டும் என்பது நம்பிக்கை. கொடுமுடியிலிருந்து பழனி 80 கிலோமீட்டருக்கு மேல். தோளில் தண்ணீர், நடப்பவர் தொண்டையில் வறட்சி. தை மாத நடை அறுவடையின் நன்றி என்றால், பங்குனி நடை கோடையின் வேண்டுதல். காளிப்பட்டி கந்தசாமி கோயிலுக்கும் கபிலர்மலைக்கும் தைப்பூசத்தில் திரளும் கூட்டத்தையும் சேர்த்தால், இந்தச் சமவெளியின் குறுக்கே தை முதல் பங்குனி வரை காவடி நடமாட்டம் ஓயாது.

இனி ஸ்பெயினுக்குப் போவோம். அந்நாட்டின் வடமேற்கு மூலையில் சந்தியாகோ தெ கொம்போஸ்தெலா என்ற நகரத்தில் இயேசுவின் சீடர் யாக்கோபின் கல்லறை இருப்பதாக நம்பிக்கை. அங்கே ஐரோப்பாவின் பல திசையிலிருந்தும் நடைவழிகள் சேர்கின்றன. பிரெஞ்சு எல்லையிலிருக்கும் சேன் ழான் பியே தெ போர் ஊரிலிருந்து போனால் ஏறத்தாழ 780 கிலோமீட்டர்; ஒரு மாதத்துக்கு மேல் நடை. போர்ச்சுகலின் போர்ட்டோ நகரிலிருந்து சுமார் 240, லிஸ்பனிலிருந்து 600-க்கும் மேல். 12-ஆம் நூற்றாண்டிலேயே இந்த வழிக்கு ஒரு கையேடு எழுதப்பட்டுவிட்டது. கலிக்ஸ்தீனுஸ் சுவடி எனப்படும் தொகுப்பின் ஐந்தாம் பகுதி அது. எந்த ஆற்றின் தண்ணீரைக் குடிக்கலாம், எதைக் குடித்தால் சாவு என்றுகூட அதில் தனியாகச் சொல்லியிருக்கிறது. ஓர் உப்பாற்றங்கரையில் கத்தியைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள், அந்தத் தண்ணீர் நல்லது என்று சொல்லிக் குதிரைகளைக் குடிக்கவிட்டு, செத்ததும் தோலை உரித்துக்கொண்ட கதையும் வருகிறது.

அந்த மாபெரும் நடை சில நூற்றாண்டுகளில் அநேகமாக நின்றேபோனது. மதச் சண்டைகளும் போர்களும் வந்தன. பிறகு ரயிலும் காரும் வந்தன. 1980-களின் நடுவில் கொம்போஸ்தெலாவுக்கு நடந்து போய்ச் சான்று வாங்கியவர்கள் ஆண்டுக்கு மிகச் சொற்பம். அதை மீட்டவர்களில் முதன்மையானவர் ஒ செப்ரெய்ரோ என்ற மலைக் கிராமத்தின் பங்குத் தந்தை எலியாஸ் வலிஞா. இந்த வழியின் வரலாற்றையும் சட்ட நிலையையும் ஆராய்ந்து முனைவர் பட்டம் வாங்கியவர். 1984-இல் மஞ்சள் சாயத்தை எடுத்துக்கொண்டு புறப்பட்டு, பாதை பிரியும் இடமெல்லாம் மரத்திலும் கல்லிலும் சுவரிலும் அம்புக்குறி வரைந்துகொண்டே போனார். ஐரோப்பிய மன்றம் 1987-இல் இதைத் தன் முதல் பண்பாட்டு வழியாக அறிவித்தது. 1993-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. 2024-இல் சான்று பெற்றவர்கள் ஐந்து லட்சத்தை நெருங்கிவிட்டார்கள். சான்று பெறக் குறைந்தது 100 கிலோமீட்டர் நடந்திருக்க வேண்டும். சைக்கிளில் வந்தால் 200. வழியில் தங்கும் விடுதிகளில் முத்திரை குத்திய கையேட்டைக் காட்ட வேண்டும்.

இதில் நாம் பார்க்க வேண்டியது அங்கே நடப்பவர் யார் என்பது. பெரும்பாலும் தனியாள். எந்த நாட்டுக்காரரும் வரலாம், எந்த நம்பிக்கையும் வேண்டியதில்லை. அவரை யாரும் சேர்த்து அழைத்து வரவில்லை. போகிற இடத்தில்தான் ஒருவரோடொருவர் கூடுகிறார்கள். ஆகையால் வழி அவருக்காகப் பேச வேண்டியிருக்கிறது. அம்புக்குறி, முத்திரை, படுக்கைக் கட்டில், குடிநீர்க் குழாய் எல்லாமே முன்பின் தெரியாத ஓர் ஆளுக்காகச் செய்து வைத்த ஏற்பாடு. எடப்பாடிக்காரருக்கு அம்புக்குறி தேவையில்லை. அவருடைய தாத்தா எந்தப் புளியமரத்தடியில் உட்கார்ந்தார் என்று குழுவில் யாராவது ஒருவருக்குத் தெரியும். குருசாமி முன்னால் போகிறார், காவடி பின்னால் போகிறது, வழி தப்பாது. வழியின் நினைவு மனிதர்களிடம் இருக்கிறது. அதனாலேயே தரையைப் பற்றி நாம் கவலைப்படாமல் இருந்துவிட்டோம் என்று நினைக்கிறேன்.

தரையிலேயே நினைவைப் பதித்து வைக்கும் பழக்கம் நமக்கு இல்லாமல் இருந்ததில்லை. சேலத்துக்கு வடக்கே தருமபுரிப் பகுதியில் அதியமான் பெருவழியின் காதக் கற்கள் கிடைத்திருக்கின்றன. 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. நாவற்தாவளம் என்ற ஊருக்கு இன்னும் எத்தனை காதம் என்பதை எழுத்தில் பொறித்து, அதன் கீழே குழிகளாகவும் வெட்டியிருக்கிறார்கள். பெரிய குழி ஒன்று பத்து. சிறிய குழி ஒன்று ஒன்று. படிக்கத் தெரியாத வண்டிக்காரனும் விரலை வைத்து எண்ணிக்கொள்ளலாம். இருட்டிலும் தடவிப் பார்க்கலாம். வழிப்போக்கனை மதித்த ஓர் அரசு, வழியிலேயே அந்த மதிப்பைச் செதுக்கி வைத்த சான்று அந்தக் கற்கள். வலிஞாவின் அம்புக்குறிக்கு ஏழு நூற்றாண்டு மூத்தவை.

சுமைதாங்கிக் கல்லும் அப்படித்தான். நட்ட கல் இரண்டு, மேலே படுக்கை போட்ட கல் ஒன்று. ஆள் மார்பளவு உயரம். தலைச்சுமையோடு தனியே வருகிறவர், கை கொடுக்க ஆளில்லாமலே இறக்கி வைக்கலாம், மறுபடி ஏற்றிக்கொள்ளலாம். பிள்ளைத்தாய்ச்சியாக இறந்துபோன பெண்ணின் நினைவாக அவள் வீட்டார் நட்டு வைப்பது வழக்கம். இறக்கி வைக்க முடியாத சுமையோடு போனவளுக்காக, ஊரார் சுமையை இறக்கிவைக்க ஓர் இடம். சாலை அகலப்படுத்தும்போது முதலில் பிடுங்கி ஓரத்தில் சாய்ப்பது இந்தக் கற்களைத்தான். கூடவே நிழல் தந்த புளியமரங்களும் போய்விடுகின்றன.

ஆனால் கொங்குச் சமவெளியில் கால்நடைப் பயணத்தின் உண்மையான தரை பெருவழியில் இல்லை, இட்டேரியில் இருந்தது. இட்டேரி என்பது இரு பக்கமும் உயிர்வேலி வைத்த மண்தடம். காட்டுக்கும் காட்டுக்கும் நடுவே, ஊரையும் ஊரையும் இணைத்து, மாட்டுவண்டியும் ஆடுமாடும் ஆளும் போவதற்கு விட்ட வழி. மிச்சமிருக்கும் ஓர் இட்டேரிக்குள் காலை நேரத்தில் நுழைந்து பாருங்கள். இரு கரையிலும் கற்களை அடுக்கி மண்ணேற்றியிருப்பார்கள். அதன்மேல் கிளுவை நெருக்கமாக நிற்கும். ஒரு குச்சியை வெட்டி ஊன்றினாலே பிழைத்துக்கொள்ளும் மரம். அதைப் பற்றிக் கோவைக்கொடியும் பிரண்டையும் ஏறியிருக்கும். அடியில் ஆவாரையும் கள்ளியும். வேலியின் காலடியில் கௌதாரி குடுகுடுவென்று ஓடி மறையும். தடத்தின் நடுவே வண்டிச் சக்கரமும் குளம்பும் அரைத்து அரைத்துச் சலித்த மாவு போன்ற புழுதி. வெறுங்காலுக்கு இதைவிட நல்ல தரை கிடையாது. சூரியன் சாய்ந்திருக்கும் நேரமெல்லாம் ஒரு பக்கத்து வேலியின் நிழல் தடத்தின்மேல் விழும்.

காவடிக்காரர்களில் பலர் வெறுங்காலோடுதான் நடக்கிறார்கள்; அது விரதத்தின் பகுதி. கொம்போஸ்தெலா வழியில் எந்தக் காலணி வாங்குவது என்பதே பெரிய பேச்சு. இங்கே பேச்சு தார்ச்சாலையின் சூட்டைப் பற்றியது. தை மாதக் காலையில் தார் கூதலாக இருக்கும், மதியம் சுடும். பங்குனியில் பத்து மணிக்கு மேல் கால் வைக்க முடியாது. ஆகவே இரவிலும் விடியற்காலையிலும் நடப்பார்கள். அதாவது லாரிகள் அதிகமாக ஓடும் நேரத்தில், வெளிச்சமில்லாத ஓரத்தில் நடப்பார்கள். கிளம்புவதற்கு முன் உள்ளங்காலில் மருதாணி அப்பிக்கொள்பவர்கள் உண்டு. கொப்புளத்துக்கு வேப்பெண்ணெய். தங்கலில் ஒருவர் காலை மற்றவர் பிடித்துவிடுவார். அங்கே வயது பார்ப்பதில்லை, காவடி எடுத்தவர் எல்லாரும் சாமிதான்.

வழியோரத்து ஊர்கள் செய்வதைச் சொல்லாவிட்டால் இந்தப் பயணத்தின் பாதியைச் சொல்லாததாகும். மோர், பானகம், எலுமிச்சைச் சாதம், சுக்குமல்லிக் காப்பி, விடியற்காலை இட்லி. தோட்டத்துக் களத்தைப் பெருக்கிப் படுக்கக் கொடுப்பார்கள். பம்ப்செட்டை ஓட்டிக் குளிக்க விடுவார்கள். ஆண்டுக்கு ஒரு முறை வருகிற கூட்டத்துக்கு இன்ன இடத்தில் இன்ன வீட்டார் சோறு போடுவது என்பது எழுதப்படாத ஒப்பந்தம். அப்பன் செய்ததை மகன் செய்கிறான். ஸ்பெயினில் விருப்பப்பட்ட தொகையை உண்டியலில் போட்டுத் தங்கும் விடுதிகள் இன்றும் இருக்கின்றன. ஆனால் கூட்டம் பெருகப் பெருக முன்பதிவும் கட்டணமும் அவற்றின் இடத்தைப் பிடிக்கின்றன. நம் வழியில் சோற்றுக்கு விலை வைக்கும் எண்ணம் யாருக்கும் இதுவரை வரவில்லை. காவடிக் குழுக்களுக்கும் தங்கள் செலவுக்கு உறுப்பினர் சந்தா இருக்கிறது. பாத்திரம் பண்டமும் அரிசி பருப்பும் ஏற்றிய சாமான் வண்டி ஒரு தங்கல் முன்னால் போய் அடுப்பு மூட்டிவிடும்.

இந்த ஒழுங்கின் அடித்தளம் சாதி என்பதை மறைக்க வேண்டியதில்லை. எடப்பாடிக்காரரின் இரவுரிமை ஒரு சமூகத்தின் உரிமை. தீர்த்தக் காவடியில் கொங்கு வேளாளர்க்கு முறை உண்டு. நகரத்தார் குன்றக்குடியில் கூடித் தங்கள் முறைப்படி நடக்கிறார்கள். மானிடவியலாளர் விக்டர் டர்னர் யாத்திரையில் மேல்கீழ் கரைந்து எல்லாரும் ஒருநிலை ஆகிறார்கள் என்று எழுதினார். அதற்கு முன்பே இராவதி கார்வே பண்டரிபுரம் வாரி யாத்திரையில் தானே நடந்து மராத்தியில் எழுதிய கட்டுரை 1962-இல் ஆங்கிலத்தில் வந்தது. ஒரே பாட்டைப் பாடிக்கொண்டு ஒரே வழியில் நடந்தவர்கள் சாதிவாரியாகப் பிரிந்து உட்கார்ந்து சாப்பிட்டதைக் கண்டு அவர் மனம் நொந்திருக்கிறார். கார்வேயின் நோவு நியாயமானது. பழனி வழிக்கும் அது பொருந்தும். அதே நேரம், ஆற்றில் மீன்பிடித்தவர்கள் பெருங்கோயிலில் வேறு யாருக்கும் இல்லாத ஓர் இரவைத் தம் கால்நடையால் சம்பாதித்துக் காத்து வந்திருக்கிறார்கள் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மரியாதை என்பது நிலமும் பதவியும் உள்ளவர்களுக்கே போய்ச் சேரும் சமவெளியில் இது சாதாரணக் காரியமில்லை. அன்னதானப் பந்தலிலும் தண்ணீர்ப் பந்தலிலும் யாரென்று கேட்காமல் வழங்கும் வழக்கம் இன்று பரவலாகியிருக்கிறது; சமைத்துச் சேர்ந்து உண்ணும் இடத்தில் அது எந்த அளவுக்கு வந்திருக்கிறது என்பதை அந்தந்தக் குழுவே தன் நெஞ்சைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நான்கு ஆறுகளுக்குத் திரும்புவோம். கடக்கிற ஆறுகளில் மூழ்கி எழுவது இந்த யாத்திரையின் உள்ளுறை. நொய்யலில் அது முடியாமல் போனது. திருப்பூரின் சாயக்கழிவு ஆற்றில் இறங்கியது. சென்னிமலை அருகே 1992-இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, பாசன நீரைத் தேக்க வேண்டியது, சாயநீர்த் தொட்டியாகிக் கீழே உள்ள நிலங்களைக் கெடுத்தது. உழவர்கள் நீதிமன்றம் போனார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான் கழிவுநீரைத் துளியும் வெளியே விடாத முறை நடைமுறைக்கு வந்தது. குமாரபாளையம், பள்ளிபாளையத்தில் காவிரிக்கும் சாயத்தின் தொல்லை உண்டு. வறண்ட காலத்தில் அமராவதி மணலாகக் கிடக்கும். கலிக்ஸ்தீனுஸ் சுவடி எழுதியவர் செய்ததைப் போல, எந்த ஆற்றில் குளிக்கலாம், எதில் கூடாது என்று பழனி வழிக்கு இன்று ஒரு பட்டியல் எழுத வேண்டிய நிலை. இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. தெற்கே தண்டாயுதபாணிக்குக் காவிரித் தண்ணீர் கொண்டுபோகிறவர்கள், கொடுமுடிக்கு மேலே அந்தத் தண்ணீருக்கு என்ன நேர்கிறது என்று கேட்கும் உரிமை உள்ளவர்கள்.

ஆறு கெட்டது ஒருபுறம். உயிருக்கே ஆபத்து சாலையில். இட்டேரிகள் பல தார் போட்ட ஊராட்சிச் சாலைகளாகிவிட்டன. சில, பக்கத்துக் காட்டோடு சேர்த்து உழப்பட்டுவிட்டன. கிளுவை வேலிக்குப் பதிலாகக் கம்பிவேலி வந்துவிட்டது. ஆகவே நடப்பவர்கள் பெரிய சாலைகளுக்கு வந்து சேர்ந்தார்கள். போலீசார் முதுகிலும் பையிலும் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டிவிடுகிறார்கள், ஒளிரும் குச்சி கொடுக்கிறார்கள், வலது ஓரமாக நடக்கச் சொல்கிறார்கள். செய்ய வேண்டிய காரியம்தான். ஆனாலும் ஒரு லாரி ஓட்டுநரின் ஒரு நொடித் தூக்கத்துக்கு எதிராக ஒரு ஸ்டிக்கரை மட்டும் நிறுத்துவது போதாது.

போர்ச்சுகலிலும் இதே நிலை உண்டு என்பது பலருக்குத் தெரியாது. கொம்போஸ்தெலா வழியின் அழகிய படங்கள் மட்டும் நம்மை வந்தடைகின்றன. போர்ச்சுகீசியர்கள் பெருங்கூட்டமாக நடப்பது பாத்திமாவுக்கு. 1917-இல் ஆடு மேய்த்த மூன்று பிள்ளைகளுக்கு மாதா காட்சி தந்ததாக நம்பப்படும் இடம் அது. மே 13-ஐ ஒட்டி நாலா திசையிலிருந்தும் நடந்து வருவார்கள். பங்கு வாரியாக, ஊர் வாரியாக, மஞ்சள் ஒளிர்ச் சட்டை போட்டு, சாமான் வண்டி கூட வர, நெடுஞ்சாலை ஓரத்தில் நேர்ச்சைக்காக நடப்பார்கள். எடப்பாடிக்காரர் பார்த்தால் இது நம் ஆட்கள் என்பார். 2015 மே மாதம் கோயிம்பிரா நகர் அருகே அப்படி நடந்துகொண்டிருந்தவர்கள் மீது ஒரு கார் ஏறி ஐந்து பேர் இறந்தார்கள். பாத்திமாவுக்கு நெடுஞ்சாலையை விட்டு விலகிய மண்தடங்களில் நீல அம்புக்குறி போட்ட மாற்றுவழிகள் அங்கே இருக்கின்றன. ஒரே தடத்தில் மஞ்சள் அம்பு வடக்கே யாக்கோபுக்கும் நீல அம்பு தெற்கே மாதாவுக்கும் வழி காட்டுவதைப் பல இடத்தில் பார்க்கலாம்.

இந்தியாவிலேயே முன்மாதிரி உண்டு. ஆளந்தியிலிருந்து ஞானேசுவரர் பல்லக்கும் தேகுவிலிருந்து துக்காராம் பல்லக்கும் பண்டரிபுரம் போகும் சாலைகளை நான்கு வழிச் சாலையாக்கும் பணிக்கு 2021 நவம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். இரு ஓரத்திலும் வாரிக்காரர்களுக்கென்று தனி நடைபாதை அந்தத் திட்டத்திலேயே சேர்க்கப்பட்டது. தமிழ்நாட்டிலும் திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் வழியாகப் பழனிக்கு வரும் சாலையில் பாதயாத்திரைக்காரர்களுக்குத் தனி நடைபாதை போட்டிருக்கிறார்கள். கிழக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் வருகிறவர்களுக்குக் கிடைத்தது, வடக்கிலிருந்து தாராபுரம் வழியாக வருகிறவர்களுக்கும் வேண்டும்.

ஆனால் சாலையோரச் சிமெண்டுக் கல் பதிப்பது முழுத் தீர்வாகாது. அது மதியத்தில் தாரைப் போலவே சுடும், நிழலும் தராது. கொடுமுடிக்குத் தெற்கே வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம் வட்டாரத்தில் கொறங்காட்டு மேய்ச்சல் நிலங்கள் இன்னும் இருக்கின்றன. கொழுக்கட்டைப்புல்லும் வெள்வேலும் கிளுவை வேலியுமாகக் காங்கேயம் மாடுகளை வளர்த்த நிலம். எல்லா வழிகளிலும் இட்டேரிகள் அழிந்துவிட்டன என்று யாராவது சொன்னால், அவர் இந்தப் பக்கம் நடந்ததில்லை என்று பொருள். வருவாய்த் துறையின் கிராம வரைபடங்களில் வண்டிப்பாதைப் புறம்போக்கு என்று அளந்து எண் கொடுத்த தடங்கள் இருக்கின்றன. ஆக்கிரமித்தவை போக மீதியை இணைத்தாலே, நெடுஞ்சாலையைக் குறுக்கே மட்டும் கடந்து போகும் ஒரு நடைவழி கிடைக்கும். வேலியில் இடைவெளி விழுந்த இடத்தில் கிளுவைக் குச்சியை ஊன்றினால் போதும். குழாய்க் கிணறும் கழிப்பறையும், குறிப்பாகப் பெண்களுக்கு, தங்கலுக்கு ஒன்று வேண்டும். பிரியும் இடங்களில் பெருங்குழியும் சிறுகுழியும் வெட்டிய காதக் கல் நடலாம். அம்புக்குறியை யாரிடமும் கடன் வாங்க வேண்டாம்.

கிராம வரைபடங்கள் வட்டாட்சியர் அலுவலகங்களில் இருக்கின்றன. எந்தெந்த ஊரில், எந்தக் களத்தில் காவடி இறங்குகிறது என்பது எடப்பாடிக் குருசாமிகளுக்கு மனப்பாடம். அறநிலையத் துறை, நெடுஞ்சாலைத் துறை, சேலம், நாமக்கல், ஈரோடு, திருப்பூர், திண்டுக்கல் மாவட்ட ஆட்சியர்கள் ஆகியோர் அந்தப் பெரியவர்களை அழைத்து உட்காரவைத்து, தங்கல் வாரியாக வரைபடத்தில் குறித்து வாங்கும் வேலையை அடுத்த தைக்கு முன்பே தொடங்கலாம். கொடுமுடிக்கும் தாராபுரத்துக்கும் இடைப்பட்ட பகுதியில்தான் தடங்கள் அதிகம் மிச்சமிருக்கின்றன. முதல் அளவை அங்கிருந்து ஆரம்பிப்பது எளிது.